முழங்காலுக்கு நாலு விரல் கீழே

அந்த வெள்ளத்துக்கு முப்பத்தொரு வயது. பிள்ளைகளைப் போலவே அதுவும் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே வந்தது.

வெள்ளம் வந்த வருஷம் அவரிடம் கதை கேட்டவர்களுக்குத் தண்ணீர் முழங்காலளவு. ஐந்தாம் வருஷம் தொடை. பத்தாம் வருஷம் இடுப்பு. அந்த வருஷம்தான் தண்ணீரோடு ஒரு பாம்பும் வந்து சேர்ந்தது. நீரேற்று நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளில், இரவல் டை கட்டிக்கொண்டு மேடையேறி அவர் அந்தக் கதையைச் சொன்னபோது தண்ணீர் டையின் முடிச்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் கழுத்தளவு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்," என்பாள் அவர் மனைவி. "அந்தக் கதையில நீங்க மூழ்கியே போயிருவீங்க. அப்புறம் யார் வந்து சொல்றதாம்?"

கதை இதுதான். மூன்று நாள் விடாத மழை. நிலையத்தை ஒட்டிய கால்வாயின் கரை உடைகிறது. தண்ணீர் பம்ப் அறைக்குள் யானைக்கூட்டம் போல நுழைகிறது. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, தரைக்குக் கீழே பள்ளத்தில் கேபிள்கள், தண்ணீரில் மின்சாரம் ஏறப்போகிறது. மெயின் ஸ்விட்ச் எதிர்ச்சுவரில். நம் கழுத்தளவு டிபன் கேரியரைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் பாம்பை விலக்கி, மறு கையால் நீந்திப் போய் ஸ்விட்சை இறக்குகிறார். உயிர் தப்பியவர்கள் தொடக்கத்தில் ஒருவர், பிறகு பன்னிரண்டு பேர், இப்போதைக்கு ஊர் முழுவதும்.

அவர் வெறும் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு சின்ன உண்மையை எடுத்து, அதற்கு உரம் போட்டு, வெயிலில் வைத்து வளர்க்கிறவர் என்றுதான் சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தத்துப் பக்கத்து பெஞ்சில் தினமும் மாலை ஐந்து மணிக்கு இந்த விவசாயம் நடக்கும். பேருந்துக்காக நிற்கிறவர்கள் கதை முடியட்டும் என்று இரண்டு வண்டிகளை விட்டுவிட்டதும் உண்டு. ஒருமுறை ஓட்டுநரே இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார் என்பார் கழுத்தளவு. அது எந்த வருஷத்துப் பயிரோ தெரியவில்லை.

அந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில், முப்பத்தொரு வருஷமாக ஒரே இடத்தில், ஒத்தைச்சொல் உட்கார்ந்திருப்பார். கழுத்தளவைவிட மூன்று வயது மூத்தவர், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். எவ்வளவு பெரிய கேள்வியானாலும் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது "ம்" என்றாராம். அது சம்மதம்தானா என்று அவர் மனைவிக்குக் கடைசிவரைக்கும் சந்தேகம் தீரவில்லை. கழுத்தளவு கதையை முடித்ததும் கூட்டத்தில் யாராவது திரும்பி, "நிஜமாவா அண்ணே?" என்று இவரைக் கேட்பார்கள். ஒத்தைச்சொல் தொலைவில் வருகிற பேருந்தைப் பார்த்தபடி, "ம்," என்பார்.

அந்த "ம்"முக்குள் என்ன இருந்தது என்பது அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஸ்விட்சை இறக்கியவர் ஒத்தைச்சொல்.

*

நிலையத்தை மூடி நான்கு வருஷமாகிறது. இப்போது அதை அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். பொறுப்பு, நகர ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு. காப்பகத்துக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, மை சிந்தினால் நூறு வருஷம் நாசமாகிவிடும் என்பதால் அவர் காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு பென்சில், கைப்பையில் ஒரு கட்டு. கனவுகூடப் பென்சிலில்தான் காண்பார் போலிருக்கிறது. எல்லோருக்கும் அவர் பென்சில் மேடம்.

சனிக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை காலை அவர் கழுத்தளவைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க படம் தயார் சார். வந்து பாருங்க."

கழுத்தளவு முகத்தை இரண்டு முறை சவரம் செய்துகொண்டு போனார்.

பம்ப் அறையை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. எண்ணெய் வழிந்த மூன்று பம்புகளும் பச்சை வண்ணத்தில் மாப்பிள்ளை போல நின்றன. அழுத்தமானிகளின் பித்தளை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. வார்னிஷ் வாசனை. ஏணி மேல் தச்சர் ஒருவர் உதட்டில் நான்கு திருகாணிகளை வைத்துக்கொண்டு பலகை பொருத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஏணிக்குப் பக்கத்துச் சுவரில், ஆறடி உயரத்துக்கு, கழுத்தளவு.

அப்படி ஒரு படம். கழுத்துவரை நீலத் தண்ணீர். பல்லில் நாலடுக்குக் கேரியர். நனைந்த மீசை. பக்கத்தில் ஒரு பாம்பு, வழி மறித்ததற்கு வருத்தப்படுகிற முகத்தோடு. மேலே கொட்டை எழுத்தில் 'கதை' என்று தலைப்பு.

"மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு," என்றார் கழுத்தளவு. கண் கலங்கிவிட்டதை மறைக்க வேறு என்ன சொல்வது.

"நீங்க சொன்ன சைஸ்தான் போட்டோம்," என்றார் பென்சில் மேடம்.

படத்தை நெருங்கிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், பம்புக்குப் பின்னால் போய் ஒளிந்தும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது. இனி இவர் செத்துப்போனாலும் சுவரில் ஆறடி நிற்கும். அப்போதுதான் படத்துக்கு இடப்பக்கம் அதே அளவில் இன்னொரு பலகை இருப்பதைக் கவனித்தார். அதன் தலைப்பு 'வரலாறு'. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பம்ப் அறையின் தரை உலர்ந்திருந்ததாக நிலையத்தின் லாக் புக் காட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் பணியாளர் ஒருவர் தக்க காரணமின்றி மெயின் ஸ்விட்சை இறக்கினார். குழாயில் காற்று அடைத்துக்கொண்டதால் ஊருக்கு இரண்டு நாள் குடிநீர் இல்லை. விசாரணையில் அவரது தவறு உறுதியானது. வெள்ளம் புகுந்ததாகச் சொல்லப்படும் கதை பின்னாளில் உருவானது.

கீழே ஒத்தைச்சொல்லின் பெயர், அப்பா பெயர், பணி எண் சகிதம்.

"இது எப்படி மேடம்..." என்றார் கழுத்தளவு. வாழ்நாளில் அவர் பாதியில் விட்ட முதல் வாக்கியம்.

பென்சில் மேடம் அதை ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த லாக் புக்கைக் காட்டினார். அன்றைய பக்கம். மணிக்கு ஒரு வரி, அழுத்தம், தொட்டியின் மட்டம், தரை, குறிப்பு. ஒன்பது மணி, உலர், எல்லாம் சரி. பத்து மணி, உலர், எல்லாம் சரி. இரண்டு மணிவரைக்கும் அப்படியே. ஒரு மணி வரியின் மேல் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை ஒன்று.

"இந்த ரேகையைப் பாருங்க சார். வேலைக்கு நடுவுல, அழுக்குக் கையோட, அந்தந்த மணிக்கு எழுதின ஆளோட ரேகை. இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது. இதைப் பத்தி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

அந்த ரேகையைப் பார்த்ததும் கழுத்தளவுக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு, பெருமைதான். அது அவருடைய கட்டைவிரல்.

அந்த நிலையத்தில் யாரும் மணிக்கு மணி எழுதியதே இல்லை. காலை டீ முடிந்ததும் உட்கார்ந்து இரண்டு மணிவரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை எழுதுவார்கள். பன்னிரண்டு பேர், முப்பது வருஷம், ஒரே பழக்கம். அதில் கழுத்தளவு கைதேர்ந்தவர். மட்டத்தை அரை அங்குலம் ஏற்றுவார், கால் அங்குலம் இறக்குவார். இரண்டு பேனா மாற்றுவார். சாப்பாட்டு நேரத்து வரியின் மேல் மட்டும், பம்பின் மூடியைத் தொட்டு, ஒரு எண்ணெய் விரல் வைப்பார். மற்றவர்கள் அவரிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கும் காலை டீ நன்றாக இருந்தது.

*

மாலை பெஞ்சில் ஒத்தைச்சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கழுத்தளவு உட்கார்ந்தும் பேசவில்லை. ஒரு பேருந்து வந்தது, போனது. பேருந்துக்கு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

"அண்ணே, அங்க ஒரு பலகை மாட்டியிருக்காங்க. உங்க பேர் போட்டு."

"தெரியும்."

"யார் சொன்னது?"

"மக."

ஒத்தைச்சொல்லின் மகள் பக்கத்துப் பள்ளியில் டீச்சர். முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்திருக்கிறார், திறப்புக்கும் போகிறார் போலிருக்கிறது.

"டீச்சருமா வர்றாங்க?"

"வகுப்போட."

முப்பது பிள்ளைகள் அந்தப் பலகையை உரக்கப் படிக்கிற சத்தம் கழுத்தளவின் காதில் இப்போதே கேட்டது. ஒத்தைச்சொல் தன் செருப்பின் வாரைச் சரிசெய்தார். பிறகு, கேட்காமலேயே, வாயைத் திறந்தார்.

"பேத்தி அந்த வகுப்புலதான்."

மூன்று சொல். கழுத்தளவு எண்ணிப் பார்த்தார். மனைவி இறந்த அன்றைக்குக்கூட அவர் இரண்டைத் தாண்டவில்லை.

விசாரணை நடந்த அறையில் அதிகாரி கேட்டது கழுத்தளவுக்கு நினைவு வந்தது. ஏன் இறக்கினாய்? "தண்ணி," என்றார் ஒத்தைச்சொல். அதிகாரி லாக் புக்கைத் திருப்பிக் காட்டினார். ரெண்டு மணிக்கு உலர்னு போட்டிருக்கு, அஞ்சு நிமிஷத்துல எங்கிருந்து வந்தது தண்ணி? காலையிலேயே எழுதிவிட்டோம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் பன்னிரண்டு பேரும் மாட்டுவார்கள், முதலில் எழுதினவன் மாட்டுவான். ஒத்தைச்சொல் எழுதினவனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். எழுதினவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்தைச்சொல்லுக்கு ஊர்க்கோடியில் இருந்த வால்வு கொட்டகைக்கு மாற்றல். பன்னிரண்டு வருஷம், தனியாக, ஒரு சக்கரத்தைத் திருப்புகிற வேலை.

அந்த வாரம்தான் கழுத்தளவு வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காகிதத்தில் தண்ணீரே இல்லை என்று எழுதியவர், வாயால் ஊற்ற ஆரம்பித்தார். எவ்வளவு ஊற்றியும் அது நிறையவில்லை. போதாக்குறைக்கு நடுவில் எப்போதோ ஸ்விட்சும் இவர் கைக்கு வந்துவிட்டது.

*

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை நிற்கவே இல்லை.

"உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"அன்னிக்கு உங்க பேன்ட்டைத் துவைச்சவ நானுங்க. சேறு எதுவரைக்கும் இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

கழுத்தளவு உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தொரு வருஷமா ஏன் சொல்லல?"

"அந்தத் தண்ணியில நீங்க பாட்டுக்கு சந்தோஷமா நீந்திட்டிருந்தீங்க. நான் ஏன் வடிக்கணும்?" என்றாள். ஒரு சட்டையை உதறி மடித்தாள். "ஆனா ஸ்விட்சை அவர்தான் இறக்கினாருன்னு எனக்குத் தெரியாதுங்க. அது தெரிஞ்சிருந்தா பத்து வருஷத்துக்கு முன்னாடியே பேன்ட்டைத் தூக்கிட்டு பெஞ்சுக்கே வந்திருப்பேன்."

"சொன்னா படம் போயிடும். ஆறடி."

"போகட்டுங்க. அவ்வளவு பெரிய மூக்கை யார் தினமும் துடைக்கிறது."

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பம்ப் அறையில் நின்றார். ஏணியில் தச்சர். கீழே பென்சில் மேடம், கையில் அழைப்பிதழ் கட்டு.

"மேடம், அந்த லாக் புக் பொய். நான்தான் எழுதினேன். ரெண்டு மணி ரீடிங்கைக் காலைல ஒன்பதரைக்கே எழுதிட்டேன். அந்த எண்ணெய் விரலும் வேணும்னே வச்சதுதான்."

பென்சில் மேடம் சிரித்தார். "சார், போன மாசம் என்கிட்ட பாம்புன்னீங்க."

"பாம்பு இல்லைங்க. ஹோஸ் பைப்."

"கேரியரைப் பல்லுல கவ்வினது?"

"கையில. தண்ணிக்குள்ள நான் போனதே அதை எடுக்கத்தான். மிதந்து போயிட்டிருந்துது. ஒரு கையில கேரியர், இன்னொரு கை இரும்புக் கம்பியில. பள்ளத்துக்குள்ள புஸ்ஸுன்னு ஒரு சத்தம். நான் அப்படியே நின்னுட்டேன், காலே வரல. அண்ணன்தான் மூணு எட்டுல ஓடிப்போய் இறக்கினார். இறக்கிட்டு என்னைப் பார்த்து 'வா'ன்னார். அவ்வளவுதான் மேடம். இதுல நான் செஞ்சது, வந்தது மட்டும்தான்."

ஏணி மேல் சுத்தியல் நின்றுவிட்டது.

பென்சில் மேடத்தின் சிரிப்பும் நின்றது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. முப்பத்தொரு வருஷமாகப் புலி வருது, புலி வருது என்று கத்தியவன், நிஜமாகவே புலி வந்த அன்று சொன்னால் எப்படி நம்புவது.

"நாளைக்குத் திறப்பு. ஒரு புத்தகத்துல எழுதியிருக்கு, விசாரணை அறிக்கையில கையெழுத்து இருக்கு. எதிர்ல நீங்க. தப்பா நினைக்காதீங்க சார், ஊர்லயே நீங்கதான்..."

"பெரிய புளுகன். தெரியும் மேடம். அதனாலதான் சாட்சி கொண்டுவந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "இந்தத் தேதி லாக் புக்கை எடுங்க. அதே தேதிக்குத் தொட்டி கழுவுற பதிவேடுன்னு ஒண்ணு இருக்கும், சுகாதார இன்ஸ்பெக்டர் கையெழுத்தோட. அதையும் எடுங்க."

"இந்தத் தேதி எப்படி இவ்வளவு சரியா நினைவிருக்கு?"

"என் மூத்த பொண்ணு பொறந்த நாள். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அன்னிக்கு மொத்த நாளையும் காலைலயே எழுதிட்டு ஓடிட்டேன். திரும்பி வந்தா தொட்டியை வடிச்சு உள்ள ஆளுங்க நிக்கிறாங்க."

பதிவேடுகள் பின்னறையில் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. பென்சில் மேடம் இரண்டையும் கொண்டுவந்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதிவேடு சொன்னது: காலை எட்டு மணி முதல் நான்கு மணிவரை தொட்டி முழுவதும் வடிக்கப்பட்டு, நான்கு பேர் இறங்கிச் சுண்ணாம்பு அடித்தார்கள். லாக் புக் சொன்னது: பத்து மணி, பதினொன்றே முக்கால் அடி. பதினொரு மணி, பதினொன்றரை அடி. ஒரு மணி, பதினொன்றே முக்கால், மேலே எண்ணெய் விரல்.

"பன்னிரண்டடித் தண்ணிக்குள்ள உக்காந்து சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க," என்றார் தச்சர் மேலேயிருந்து. "மீன் சாதியா இருக்கும்."

பென்சில் மேடம் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி காதில் வைத்தார், மறுபடி எடுத்தார். "என் கட்டுரை," என்றார் மெதுவாக.

"நல்ல கட்டுரையா இருக்கும் மேடம். ரேகை நல்லா விழுந்திருந்துதுல்ல."

அவர் முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க கதையில தண்ணி இருக்கு, ஆள் தப்பு. லாக் புக்குல ஆள் சரி, தண்ணியே இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டி, கதை, வரலாறுன்னு பேர் வேற வச்சிருக்கேன்." பென்சிலால் மேஜையைத் தட்டினார். "சரி சார். லாக் புக் பொய்யின்னு ஆச்சு. அதனால தண்ணி வந்துதுன்னு ஆயிடாது. தண்ணி வந்ததுக்கு என்ன சாட்சி? சுவர்ல ஒரு கோடு கூட இல்லையே."

"எப்படி இருக்கும்? விசாரணைக்கு அதிகாரி வர்றாருன்னு அதுக்கு முந்தின வாரமே சுவர் மொத்தத்துக்கும் வெள்ளையடிச்சாங்க. பெரியவங்க வந்தா அடிக்கணும்கிறது வழக்கம்." கழுத்தளவு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு இரும்பு அலமாரி, ஆறு பேர் சேர்ந்தாலும் பெருமூச்சு விடவைக்கிற எடை. "அதை மட்டும் யாரும் நகர்த்தல. சுத்தி அடிச்சிட்டுப் போயிட்டாங்க."

தச்சர் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரிப் பக்கம் நடந்தார்.

"நில்லுங்க," என்றார் பென்சில் மேடம். எழுந்து கழுத்தளவின் எதிரில் வந்து நின்றார். "நகர்த்துறதுக்கு முன்னாடி சொல்லுங்க சார். தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

நல்ல கேள்விதான். கோடு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் சரியாகச் சொல்லிவிடலாம்.

கழுத்தளவு வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருஷப் பழக்கம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சுவரில் ஆறடி உயரத்தில் அவரே நீந்திக்கொண்டிருந்தார். இடுப்பு என்று சொல்லலாம். தொடை என்றாவது சொல்லலாம், கௌரவமாக இருக்கும். தச்சர் காத்திருந்தார், சின்ன வயதில் அந்த பெஞ்சுக்கு எதிரே நின்று வாயைப் பிளந்துகொண்டு கதை கேட்ட ஆள்தான் அவரும். கழுத்தளவு குனிந்தார். பேன்ட்டைச் சுருட்டினார். கையைக் காலில் வைத்துக் காட்டினார்.

"முழங்காலுக்கு நாலு விரல் கீழ."

"அவ்வளவுதானா?" என்றார் தச்சர். யாரோ அவர் வீட்டு ஜன்னலை உடைத்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"அவ்வளவுதான்பா. கரண்ட்டுக்கு அது போதும்."

அலமாரியை நகர்த்த அரை மணி நேரம் ஆனது. தச்சர், காவலாளி, அழைப்பிதழ் கொண்டுவந்த அச்சகத்துக்காரர், கடைசியில் பென்சில் மேடமும் தோள் கொடுத்தார். அது ஒரு முனகலோடு விலகியது. பின்னால் வெள்ளை படாத பழைய சுவர், அதில் காய்ந்த டீயின் நிறத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.

கழுத்தளவு சுருட்டிய பேன்ட்டோடு போய் அதன் பக்கத்தில் காலை வைத்து நின்றார். பென்சில் மேடம் மண்டியிட்டு, காலிலும் சுவரிலும் பென்சிலை வைத்து அளந்தார்.

"அஞ்சு விரல்," என்றார்.

"அப்பவும் ஒரு விரல் ஏத்தித்தான் சொல்லியிருக்கீங்க," என்றார் தச்சர்.

"முப்பத்தொரு வருஷத்துல கால் கொஞ்சம் வளர்ந்திருக்கும்," என்றார் கழுத்தளவு. பென்சில் மேடம் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு காலையில் சிரித்த சிரிப்பு அல்ல.

பிறகு எழுந்து, கொண்டையிலிருந்து ஒரு புதுப் பென்சிலை உருவி அவரிடம் நீட்டினார். "எழுதிக் கொடுங்க சார். இப்ப சொன்னது மட்டும். முன்கூட்டியே எழுதாம."

அவர் ஒரு பக்கம் எழுதினார். வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக எதையும் எழுதியதில்லை, சொன்னதுமில்லை. கையெழுத்துப் போட்டபோது தச்சர் இரண்டு பலகைகளையும் கழற்றிக்கொண்டிருந்தார். படம் கீழே வந்தபோது பாம்பின் முகம் முன்னைவிட வருத்தமாக இருந்தது.

*

சனிக்கிழமை முப்பது பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் டீச்சர். கடைசியில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவர் அப்பா ஒத்தைச்சொல். அழைத்து வந்தது பென்சில் மேடமேதான். வீட்டுக்குப் போய், "தப்பா எழுதிட்டேன் ஐயா, திருத்திட்டேன், வந்து பாருங்க," என்றிருக்கிறார். "சரி," என்றாராம் அவர்.

சுவரில் இப்போது ஒரே பலகை. தலைப்பு இல்லை; பென்சில் மேடத்துக்கு இரண்டு பெயர்களில் எதை வைப்பது என்று பிடிபடவில்லை. டீச்சர் தன் வகுப்புக்கு உரக்கப் படித்தார். லாக் புக் முன்கூட்டியே எழுதப்பட்டது. தண்ணீர் வந்தது. அதன் கோடு இந்த மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மெயின் ஸ்விட்சை இறக்கி, தண்ணீரில் நின்ற சக பணியாளரின் உயிரைக் காப்பாற்றியவர்... அந்த இடத்தில் டீச்சரின் குரல் தடுமாறியது. மிச்சத்தை டீச்சரின் மகள் படித்தாள், தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், பணி எண் சகிதம்.

ஒத்தைச்சொல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. சலவைச் சட்டையின் மேல் பொத்தானை மட்டும் ஒருமுறை கழற்றி, மறுபடி போட்டார்.

கழுத்தளவு கூட்டத்துக்குப் பின்னால், மூன்றாம் பம்பை ஒட்டி நின்றார். பக்கத்தில் மனைவி. படம் வீட்டுக்கு வந்துவிட்டது. குளியலறைக் கதவின் உள்பக்கம் சரியாக இருக்கும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். தண்ணீர் வசதியும் இருக்கிறது.

பிள்ளைகள் மூலைக்கு ஓடிக் கோட்டைப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். ஏமாற்றமாக நிமிர்ந்தார்கள்.

"தாத்தா," என்றாள் பேத்தி. "தண்ணி இவ்வளவுதான் இருந்துச்சா?"

முப்பது முகங்களும் ஒத்தைச்சொல் பக்கம் திரும்பின. அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கோட்டைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். பிறகு தலைகளுக்கு மேல், மூன்றாம் பம்பின் பக்கம், கழுத்தளவைப் பார்த்தார். நிதானமாகக் கையை எடுத்து வயிற்றுக்குக் கீழே வைத்தார்.

"இடுப்பு," என்றார்.

பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். பென்சில் மேடத்தின் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றது. கழுத்தளவு ஓரடி முன்னால் வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், கோடு கண்ணாடிக்குள் இருக்கிறது, அஞ்சு விரல் என்று அளந்தாயிற்று. "அண்ணே, பலகையில..." என்று ஆரம்பித்தார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"பாம்பு வேற," என்றார் ஒத்தைச்சொல்.

"நிஜமாவா?" என்று முப்பது பேரும் கழுத்தளவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கழுத்தளவு ஜன்னல் வழியாகத் தொலைவில் வருகிற பேருந்தைப் பார்த்தார்.

"ம்," என்றார்.